சாம்பிள் பை

தேவாரம் வழியாகப் போடிக்குப் போகும் பேருந்து. என் முன்னிருக்கையில் ஏலத்தோட்டக்காரர் ஒருவரும், ஏலக்காய் வியாபாரியான அவருடைய தங்கை கணவரும்.

“வெளிநாட்டு ஏலக்காய்க்கு வரியைக் குறைக்கச் சொல்லி அந்த நாட்டுக்காரக கேட்டாகள்ல? முடியாதுன்னுட்டாக நம்ம கவர்மெண்ட்ல!”

“நல்ல சேதி, மச்சான்.”

தோட்டக்காரர் சந்தோஷமாக, மாப்பிள்ளையின் மடியிலிருந்த சாம்பிள் பையைத் திறந்து ஒரு காயைக் கடித்தார். மெல்வது பாதியில் நின்றது.

“இது நம்ம மலைக் காய் இல்லையே.”

“மெதுவாப் பேசுங்க.”

“வரி கட்டாம வந்த வெளிநாட்டுக் காயா?”

மாப்பிள்ளை பையை இழுத்து மூடினார்.

“வெளிநாட்டுக் காயை உள்ள விடாதேன்னு உண்ணாவிரதத்துல மைக்கப் புடிச்சுக் கத்துனது நீதான?”

“ஆமா, மச்சான். உள்ள விட்டா எல்லாப் பயலும் கொண்டாந்துருவான்ல?”