புல்லுக்கட்டுக்குள் சோறு

ஒட்டுக்கேட்டதைச் சொல்லி ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அப்போது கரும்புத் தோட்டத்தில் எழுத்தர். காய்ச்சலால் வேலைக்கு வராதவர்களுக்கு அங்கே அரிசி கிடையாது; வெளியிலிருந்து சோறு கொண்டுவரவும் கூலிகளை மேய்க்கும் கங்காணியான சர்தார் விடமாட்டான். சுரினாம் என்ற பக்கத்து ஊரிலிருந்து திரும்பிய மாட்டுவண்டியில், நான் தூங்குவதாக நினைத்து இரண்டு பெண்கள் பேசினார்கள்.

“உனக்கு மாடே இல்லியே அக்கா, புல்லுக்கட்டு எதுக்கு?”

“மெதுவாடி. உள்ள கோயில்ல மிஞ்சின சோறு. காய்ச்சக்காரங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு.”

“சர்தார் அவுத்துப் பாத்தா?”

“அவனுக்கும் ஒரு பிடி புல்லு போடுவேன்.”

சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள்.

மறைத்தால் என் வேலை போகும் என்று பயந்து சர்தாரிடம் சொன்னேன். அவளைத் தோட்டத்தை விட்டே துரத்தினார்கள்.

பிறகு நானே கோயில் சோற்றைச் சுமந்துபோய் அந்த வீடுகளின் கதவைத் தட்டினேன். ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே ஒரு தாயின் குரல் மட்டும் கேட்டது: “அழாதடா. வாங்கினா நம்மளையும் காட்டிக் குடுத்துருவாரு.”