பூங்காவில் கிள்ளிய கொழுந்து

மூணாரிலிருந்து சின்னக்கானல் போகும் பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் எஸ்டேட் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்: “பூங்காவுலயும் கொழுந்து கிள்ளிட்டேன்க்கா.”

“அங்க ஏதுடீ தேயில?”

“தேயில இல்ல. பாதையோரம் அழகுக்கு வெட்டி விட்டிருந்த வேலிச்செடி. பூவ வேடிக்க பாத்துக்கிட்டே நடந்தேன். கை அதுபாட்டுக்குக் கிள்ளியிருக்கு. வாட்ச்மேன் விசில் அடிச்சப்பதான் குனிஞ்சு பாக்கேன், முந்தானை நெறைய தளிரு.”

“அய்யய்யோ! மக கூட இருந்தாளா?”

“அவதான் லீவுக்குச் சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போனா. அந்நேரம் பாத்து அவ காலேஜ் பிள்ளைக வந்துட்டாக. ‘யாருடீ அது?’ன்னு ஒருத்தி சிரிச்சா. எம் மக ‘யாரோ எஸ்டேட்டு அம்மா’ன்னுட்டா.”

“நீ என்ன சொன்ன?” என்றாள் மூத்தவள்.

“வாட்ச்மேன் ‘யாருகூட வந்தீங்க?’ன்னு கேட்டாரு. ‘தனியாத்தான் வந்தேன்’னுட்டேன்.”

“பெத்தவ நீ! வீட்டுக்குப் போயி நாலு வார்த்த கேக்காம விடாத.”

“மெல்லப் பேசுங்கக்கா. முன்னாடி சீட்டுலதான் இருக்கா.”

என் பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.