முதல் பத்தடி

ராத்திரி பதினொன்றே கால். மல்லசமுத்திரத்துக்கு வெளியே, சோளக்காட்டு ரோடு. ஒரு வண்டி கிடையாது. அங்கே ஒற்றை வீடு... அந்த வீட்டு இரும்புக் கேட்டை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று.

என் கூட்டாளி ஜெகதீஸ்வரனின் மச்சான் சரவணமுத்துவின் வீடு அது. அவன் போர்வெல் வண்டியில் துளை போடும் டிரில்லர். சிரிக்காதே தமிழரசு, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரி.

ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊருக்கு ரிக் வண்டியோடு போயிருந்தான். மறுவருசமே சண்டை. பக்கத்து நாட்டு ராணுவம் ஊரைப் பிடித்துக்கொண்டது. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள். இவன் பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஒருநாள் ஆம்பிளைகள் ஒன்பது பேரை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஒருத்தனும் திரும்பவில்லை. அதில் ஒருவன் டீக்கடை மரியத்தின் புருசன்.

பள்ளிக்கூட மைதானத்தில் போர்வெல் போட்டுக் கொடு, பாஸ்போர்ட் தருகிறேன் என்றான் ராணுவ அதிகாரி.

மேலே வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு குவியலாக வரிசையாய்க் கொட்டி வைப்பது நம் ஆட்கள் வழக்கம். எந்த ஆழத்தில் என்ன மண் என்று தெரியவேண்டுமே. முதல் பத்தடியில் சட்டைத் துணி வந்தது. பொத்தான். எலும்புத் துண்டு. அந்த நாற்றம்... அதிகாரி பார்த்துவிட்டு, "ஓட்டு" என்றான். சரவணமுத்து தண்ணீர் ஓஸைப் பிடித்து அந்தக் குவியலைக் கழுவியே விட்டுவிட்டான். அயோக்கியத்தனம்தான். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவனிடம் போய் யோக்கியம் பேசு.

தண்ணீர் பிடிக்க மரியம் வந்தாள். அவள் கடைப்பக்கம் இவன் போர் போட்டபோது கூடவே நின்று குவியல் வைப்பதைப் பார்த்தவள்.

"முதல் குவியல் எங்கே?"

அவள் பாஷை இவனுக்கு அரைகுறையாகத் தெரியும். "வெறும் மண்ணும்மா, காத்துல போயிருச்சு" என்றான். அவள் ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்து, "ஏதாவது தெரிந்தால் சொல்" என்றாள்.

பாஸ்போர்ட் கிடைத்து ஊர் வந்த நாலாம் நாள்தான் அந்தக் கேட் சத்தம். பெண்டாட்டி சாரதாமணி ஜன்னலில் பார்த்தாள்.

"ஏனுங்க... ஒம்பது பேரு நிக்கறாங்க. மேலெல்லாம் மண்ணு. என்னமோ கேக்கறாங்க, ஒண்ணும் புரியலீங்க."

அவனுக்குப் புரிந்தது. "எங்க ஊட்டுல சொல்லீட்டயான்னு கேக்கறாங்க புள்ள."

ஏழு ராத்திரி அதே கேள்வி. எட்டாம் நாள் காலை மரியத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. "எல்லாப் பெண்களும் போய்த் தோண்டி எடுக்கிறோம்" என்றாள். "வேண்டாம்மா, ராணுவம் நிக்குது" என்று கத்தினான். லைன் அறுந்துவிட்டது.

அன்று ராத்திரி யாரும் தட்டவில்லை. மறுநாளும் இல்லை. சாரதாமணி மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

மூன்றாம் ராத்திரி... கட்டிலுக்கு அடியில் நாய் முனகியது. அவன் எழுந்து வாசல் லைட்டைப் போட்டான். பெண்கள். முன்னால் மரியம். முழங்கை வரை ஈர மண். நகங்கள் பிய்ந்திருந்தன. அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

கேட் பூட்டியபடியே இருந்தது. அவர்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.