வேலை கிடைத்த முகங்கள்

– எத்தனை தடவைம்மா சொல்றது? உன்னைக் கேம்பஸ் இன்டர்வியூக்கு உள்ள விட முடியாது. உனக்குத்தான் வேலை கிடைச்சாச்சே!

– எங்க சார் கிடைச்சது? செலக்ட் பண்ணாங்க, கைகுலுக்கினாங்க, அதோட சரி. "கூப்பிடறோம், கூப்பிடறோம்"னு படிப்பு முடிஞ்சு ஒரு வருஷமா வீட்ல உக்கார வெச்சிருக்காங்க.

– பெரிய கம்பெனிம்மா. கூப்பிடுவாங்க. கொஞ்சம் பொறுமையா இரு.

– பொறுமையா? "இன்னுமா கிளம்பல?"னு தெருவே கேக்குது. வெளிய தலை காட்டறதையே விட்டுட்டேன். போன பேட்ச்ல வேலை இல்லாதவங்களும் இன்னிக்கு வரலாம்னு நீங்கதானே சொன்னீங்க?

– வேலை இல்லாதவங்க! புரிஞ்சுக்கம்மா. ஒருத்தருக்கு ஒரு வேலைதான், ஒருதடவை செலக்ட் ஆயிட்டா அடுத்த கம்பெனிக்கு உக்காரக் கூடாது. இவ்ளோ பெரிய யுனிவர்சிட்டில உனக்குன்னு தனியா ரூல் போட முடியுமா? மெயின் கேட் ஃப்ளெக்ஸ் போர்டுல, வேலை கிடைச்சவங்க வரிசையில உன் ஃபோட்டோ வேற சிரிச்சுக்கிட்டு இருக்கு.

– அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது! அதை எடுத்துடுங்க, என்னை உள்ள விடுங்க.

– எடுத்தா? "எல்லாருக்கும் வேலை"ன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே, அது என்னாவறது? அட்மிஷன் நேரம். பெத்தவங்க அந்த போர்டைப் பார்த்துட்டுத்தாம்மா பிள்ளைங்களைச் சேக்கறாங்க.

– அப்ப நாங்க எக்கேடு கெட்டாலும் உங்க போர்டு பளபளன்னு இருக்கணும். வெக்கமா இல்ல சார் உங்களுக்கு?

– குரலை ஒசத்தாத. உன் ஃபோட்டோ போர்டுல இருக்கற வரைக்கும் நீ வேலை கிடைச்சவ. அவ்ளோதான். என் கையில ஒண்ணுமில்ல.

– இருக்கற வரைக்கும்தானே? உங்க வாயால சொல்லிட்டீங்க. ஜன்னல் வழியா கொஞ்சம் கேட்டைப் பாருங்க.

– யாரு அது ஏணி மேல? நமக்கு போர்டு கட்டித் தர்ற ஆளாச்சே!

– எங்கப்பா சார். அந்த போர்டை ஏத்திக் கட்டினதும் அவர்தான். என் மூஞ்சியை அவ்ளோ பெருசா பார்த்துட்டு ஏணியிலயே நின்னு அழுதாராம்.

– ஐயையோ, கத்தியை வெச்சு உன் படத்தை அறுத்து எடுத்துட்டாரே! அவரை நிறுத்தச் சொல்லும்மா! பக்கத்துப் படத்தையும் அறுக்கறாரு... அதுக்கடுத்ததையும்! உன்னோடதை எடுத்தாச்சுல்ல, மத்தவங்களோடது எதுக்கு?

– ஏணிக்குக் கீழ பாருங்க சார். என்னை மாதிரியே காத்துக் கிடக்கறவங்க வரிசையில நிக்கறாங்களே, அவங்களுக்குத்தான். அவங்கவங்க மூஞ்சியை வாங்கிக்கிட்டு நேரா இங்கதான் வராங்க. கதவைத் திறந்து வைங்க.