மூண்டாவது நன்கொடையாளர்

ஓம், விமலேஸ்வரி நான்தான். அந்தக் கதிரை கால் ஆடும் தம்பி, இதில இருங்கோ. தேர்தல் ஒபிசில இருந்து வாறனெண்டு நீங்கள் சொன்னவுடனயே விளங்கீற்றுது. பிரதேச சபை எலக்சன் கேட்டதுக்கு நான் குடுத்த செலவு விபரத்தில ஏதோ பிழை, என்ன?

காசு தந்த ஆக்கள் மூண்டு பேரையும் நான்தான் எழுதினனான். முதலாவது என்ர தங்கச்சி பிரியந்தினி, புளியங்குளத்தில தையல்கடை வைச்சிருக்கிறா. ரண்டாவது மஸாஹிர் நானா, நோட்டீஸ் அடிக்கக் காசு தந்தவர். மூண்டாவது... ஓ, அதுக்குத்தான் வந்தனீங்களோ. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.

வேண்டாமோ? சரி.

நான் இந்தச் சட்டத்துக்கு எதிரில்லைத் தம்பி. ஒரு வாக்காளருக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம், பேர் தெரியாத ஆளிட்டக் காசு வாங்கக்கூடாது, எல்லாம் நல்லதுதான். ஆனா எங்கட வட்டாரத்தில வெண்ட ஜனார்த்தனன், பத்து டிப்பர் வைச்சிருக்கிற ஆள், கோயிலில மூண்டு நாள் அன்னதானம் போட்டவர். அது தேர்தல் செலவில்லையாம், நேர்த்தியாம். எந்தச் சாமிக்கு நேர்ந்தவரோ தெரியாது, சாப்பிட்டது முழுக்க முரசுமோட்டை வாக்காளர்தான். அவற்ற பேப்பரில ஒரு பிழையும் இல்லை. நூற்றிப் பதினொரு வாக்கு எடுத்துத் தோத்தவளின்ர வீட்டுக்குத்தான் நீங்கள் வெயிலுக்குள்ள மோட்டச்சைக்கிளில வாறியள். கோவமில்லை, சும்மா சொன்னனான்.

ஓம் ஓம், மூண்டாவது பேர். செல்வநாயகம் நிரோஜன், பத்தாயிரம் ரூபா. விலாசம் இந்த வீடுதான். ஆள் இப்ப இல்லை. போன் நம்பரும் இல்லை.

கள்ளப்பேர் இல்லைத் தம்பி. அடையாள அட்டை நம்பர் எழுதியிருக்கிறனெல்லே, கம்பியூட்டரில அடிச்சுப் பாத்தனீங்களோ? செத்ததெண்டு பதிவில்லை, என்ன? இராது. மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவிக்காசு கிடைக்குமெண்டு எத்தினை பேர் சொன்னவை. நான் எடுக்கேல்லை.

மகன்தான். ரண்டாயிரத்தொன்பது வைகாசி, சண்டை முடியேக்க, பாலத்தடியில நானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்ட ஒப்படைச்சனான். விசாரிச்சுப்போட்டு விடுவமெண்டவை. பத்தொன்பது வயசு. அவன்ர கை வேர்த்துப்போய்க் கிடந்தது. போ அப்பு எண்டன், அவன் கையை விடேல்லை. நான்தான் இழுத்து எடுத்தனான். சில நேரம் உலையில அரிசி போடேக்க பாத்தா, இந்தக் கை ஈரமாக் கிடக்கும். என்ர வேர்வையோ, அவன்ரயோ தெரியாது.

பத்தாயிரமும் நான் கோழி வித்த காசு. பொய் எழுதினது குற்றமெண்டு தெரியும். தண்டம் கட்டுறதோ மறியலில இருக்கிறதோ, வரட்டும்.

நான் வெல்லவே எலக்சன் கேட்டனான் எண்டு நினைக்கிறியள்? இல்லைத் தம்பி. போன வருசம் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைச்சவை. அதில வந்த ஒரு சேர் சொன்னார், காசு தந்தவர் உண்மையில இருக்கிறாரோ எண்டு அரசாங்கம் தேடிப் பாக்குமாம். அண்டைக்குப் பின்னேரமே எலக்சன் கேக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன்.

எத்தினை விசாரணை, எத்தினை படிவம். எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டு வைச்சு விசாரிச்சவை. பதினாறு வருசத்தில, நிரோஜன் எங்கை எண்டு கேட்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் அரசாங்க ஆள் நீங்கள்தான்.

எழுதுங்கோ தம்பி. ஆளைத் தேடவேணும் எண்டு எழுதுங்கோ.