நகத்தளவு

“சிலுக்கு செய்யறதுக்கா அக்கா உன் புள்ள அமெரிக்கா போனான்? நம்ம ஊர்ல இல்லாத சிலுக்கா?”

பட்டுத்தறி ஊரான எங்கள் ஊரில், செவிலிமேட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் கேட்டாள். அவள் பக்கத்தில் இருந்த அம்மாளின் மடியில், மகன் எழுதிய வெளிநாட்டுக் கடிதம் பிரித்தபடி கிடந்தது.

“சிலுக்கு இல்லமா, சிலிக்கானு. மணல்லருந்து எடுக்கிறதாம். அதுல நகத்தளவு சில்லு செய்றாங்களாம். கம்ப்யூட்டருக்கு அதான் மூளையாம்.”

“பாலாத்துல இல்லாத மணலா! சரி, எப்போ வரானாம்?”

“வரமுடியலயாம். இவங்க ஒண்ணு செஞ்சா, எதிர் கம்பெனிக்காரன் அத்தவிடப் பொடிசா செஞ்சிட்றானாம். ஒடனே இவங்க இன்னும் பொடிசா செய்யணுமாம். போட்டி முடிஞ்சதும் வரேன்னு எழுதியிருக்கான். போன பொங்கலுக்கும் இதத்தான் எழுதினான்.”

“நல்ல போட்டிக்கா. இங்க எவன் சேலைக்கு பார்டர் பெருசுன்னு அடிச்சிக்கிறாங்க. அங்க எவன்து சின்னதுன்னா?”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் சுண்டுவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே இத்தினிதான் இருக்குதாம். இதுக்கு மேல எவ்ளோதாம்மா சின்னதாவும்? சீக்கிரம் வந்துடுவான்.”