சாற்றில் இரண்டு கரண்டி சர்க்கரை

தேநீருக்கு நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, உடம்புக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத் தேநீர் அறையைப் பத்தொன்பது வருஷம் ஆண்டவள் நான். யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் வீட்டில் யார் சோஃபாவில் படுக்கிறார், எல்லாம் என்னைக் கேட்டால் போதும். நடுநடுவே, சம்பளம் தருகிறார்களே என்று, கிருமி வளர்க்கும் சாறும் காய்ச்சுவேன்.

என் கதைகளைக் கடைசிவரை கேட்கும் ஒரே ஜீவன் செஃபீனா, சமோவாப் பெண். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் பசியைக் கிளப்ப ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். முதல் சோதனையில் அணுக்கள் வெளுத்துக்கட்டின. மறுபடியும் அப்படி வந்தால், மேல்மாடி வார்டில் தீக்காயத்தோடு கிடந்த கரும்பு விவசாயி டெஸ்மண்டுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் குடுவையில் வளர்ந்ததே அவர் புண்ணில் எடுத்த கிருமிதான்.

"இது மட்டும் வந்துச்சுன்னா மெல்போர்ன்ல வேலை, ஆன்ட்டி. உங்க வாய் அங்க எட்டாது, நிம்மதி," என்றாள்.

"போடி. ஒரே வாரத்துல போன் போட்டு, இங்க யார் யாரோட சுத்துறாங்கன்னு கேப்ப."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் யோசித்தேன்.

சர்க்கரை அதிகம் கிடைத்தால் அந்தக் கிருமி வழவழவென்று தடித்த கோழையைப் போர்த்திக்கொள்ளும். மருந்து கொடுத்தாலும் வெள்ளணுவுக்குப் பிடி கிடைக்காது. செஃபீனாவே சொல்லித் தந்ததுதான். சாற்றில் இரண்டு கரண்டி போட்டுக் காய்ச்சினேன். 'கிளெனிஸ்' என்று என் பெயர் எழுதி ஒட்டிய பாட்டிலை எங்களில் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆறு வாரம் அவள் அணுக்களை மாற்றினாள், மருந்தைப் புதிதாகக் கலக்கினாள், சாற்றை மட்டும் மாற்றவில்லை.

"ஒண்ணுகூட முழுங்கல, ஆன்ட்டி. நான் என்னதான் தப்புப் பண்றேன்?"

"முதல்ல நீ ஏதாவது முழுங்கு," என்று என் கேக்கை நீட்டினேன்.

மருந்தைக் கைவிட்டார்கள். ஜூனில் டெஸ்மண்ட் போய்விட்டார். போய்விடுவார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அவருக்கு வேறு மருந்தே இல்லை என்ற செய்தியைத் தேநீர் அறைக்கு முதலில் கொண்டுவந்தவளே நான்தான். வேலை போன செஃபீனா சமோவாவுக்கே, ஆப்பியாவில் இருக்கும் தன் வீட்டுக்கே, திரும்பிவிட்டாள். மெல்போர்னைவிட அது தூரம். என் சாமர்த்தியம் எப்போதும் இந்த லட்சணம்தான்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் போட்டேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தானே. என் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பதினான்கு முறை போன் செய்தேன், ஒருமுறைகூட எடுக்கவில்லை. இவ்வளவு செய்தவளுக்கு அவள் காட்டும் நன்றி அது.